மாத்திரை வேண்டாம் என்ற பிறகு

மகளுக்கு ஒன்றரை வயதானபோது நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். இன்னொரு குழந்தை வேண்டும். ஆனால் இவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான். அதுவரை ஆணுறையை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆணுறையைக் குறை சொல்வதற்கில்லை, கருவோடு சேர்த்துப் பால்வினை நோய்களையும் அது தடுக்கும். ஆனாலும் மாதவிடாய் இரண்டு நாள் தள்ளிப்போனாலே எனக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் இரண்டு வழிகளைத்தான் சொல்வார்கள்: தினமும் மாத்திரை, அல்லது ஒரேயடியாகக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றை நானாகத்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மாத்திரை எனக்கு ஆகாது என்று தெரியவந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் நான் பார்த்த மகப்பேறு மருத்துவர், மாத்திரை எழுதித் தரும்படி கேட்டதும் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். பிறகு, "தலைவலி வருவதுண்டா?" என்றார். உண்டு, ஒற்றைத் தலைவலி என்றேன். "வருவதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. தெரியும். பார்வையின் ஓரத்தில் வளைந்து நெளிந்து மினுக்கும் கோடுகள் வரும். அவை மெல்லப் பெரிதாகிக்கொண்டே போய், நான் படித்துக்கொண்டிருக்கும் வரியில் பாதி மறைந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பார்வை சரியாகிவிடும், பிறகு ஒரு பக்கமாக வலி பிடித்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டை ஓரமாக வைத்துவிட்டார்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை இப்படிப்பட்ட தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும். கருத்தடை முறைகளை யார் யாருக்குத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் எனக்கும் இந்த மாத்திரைக்கும் நான்காவது வகை, அதாவது தரவே கூடாது. கண்ணில் கோடு தெரியும் தலைவலி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைந்த வரலாறு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் நிறையப் புகைபிடிக்கும் பழக்கம், எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். மருந்துக்கடையில் அட்டையை நீட்டி மாத்திரை வாங்கும் பெண்களிடம் இந்தக் கேள்வியை யார் கேட்கப்போகிறார்கள்? என்னிடமும் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரையும் இருக்கிறது என்றார் டாக்டர். அதையும் தினமும், அதே நேரத்துக்கு விழுங்க வேண்டும். குழந்தை, வேலை, வாரத்தில் பாதி நாள் நேரத்துக்குச் சாப்பாடே இல்லை என்று ஓடும் எனக்கு அது சரிப்படாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த சிஸ்டருக்கு ஓய்வு பெறும் வயது. மேசை டிராயரைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, "கையில் எடுத்துப் பாருங்கள் அம்மா" என்றார்.

சாயா மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு முறையும், பிறகு வாரத்துக்கு ஒரு முறையும் சாப்பிட வேண்டும். ஹார்மோன் இல்லாதது, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. 1991-லேயே சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் பிறந்த இந்த மருந்தைப் பற்றி நான் அன்றுவரை கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. பாலூட்டும் தாய்மாரும் சாப்பிடலாம். ஆனால் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கும், கல்லீரல் கோளாறு, அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் தருவதில்லை. எனக்கு அந்தத் தடைகள் இல்லை. கிழமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் தயக்கம்.

அந்தரா ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 2017-இலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே இதைக் கேட்டு வரும் பெண்கள் உண்டு என்று சிஸ்டர் சொன்னபோது, அவர்கள் எந்த மாதிரி வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு அந்த ஊசி பெரிய ஆறுதல். ஆனால் மாதவிடாய் தாறுமாறாகலாம், சிலருக்கு நின்றேபோகும். அது கெடுதல் அல்ல என்றாலும் முன்பே சொல்லாவிட்டால் யாரும் பயந்துபோவார்கள். என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. கடைசி ஊசிக்குப் பிறகு கரு தரிக்கப் பலருக்கும் ஏழிலிருந்து பத்து மாதம் வரை ஆகிறது. அடுத்த குழந்தையை எப்போது என்று ஓரளவு திட்டமிட நினைக்கும் எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை.

தோலுக்கடியில், கையின் உட்புறத்தில் வைக்கும் தீக்குச்சி அளவு குச்சி ஒன்று இருக்கிறது, மூன்று வருடத்துக்கு வரும். அது எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஹார்மோன் சுரக்கும் கருப்பை வளையமும் அங்கே இல்லை. தனியாரிடம் போனால் பல ஆயிரம் ரூபாய். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்களுக்கு அது நல்ல வரம், போக்கைக் குறைத்துவிடும். பிறகு, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, எங்கள் வீட்டுப் பேச்சில் லூப். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் சின்னப் பிளாஸ்டிக், அதன் மேல் சுற்றிய செம்புக் கம்பி, கீழே இரண்டு நூல். பெயரில் வரும் 380 என்பது செம்பின் பரப்பளவு, 380 சதுர மில்லிமீட்டர். அதற்குப் பத்து வருட ஆயுள். 375 என்ற இன்னொரு வகைக்கு ஐந்து வருடம். செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து கரு உருவாகாமல் தடுக்கிறது. கருவைக் கலைப்பதில்லை. நூறு பெண்கள் போட்டுக்கொண்டால் ஒரு வருடத்தில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அரிது. ஹார்மோன் இல்லாததால் என் தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எடுத்த உடனே கரு தரிக்கும் நிலை திரும்பிவிடும்.

என் மனம் அப்போதே அதில் நின்றுவிட்டது. வீட்டில்தான் நிற்கவில்லை.

"லூப்பா? வேண்டவே வேண்டாம்" என்றாள் அம்மா. அத்தையும் அதையேதான் சொன்னார். கர்ப்பப்பையில் புண் வரும், மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும், புருஷனுக்குக் குத்தும். நெஞ்சுக்குப் போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அம்மாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது என் அண்ணி.

அண்ணிக்கு இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி வைத்துவிட்டார்கள். பிரசவமான நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வைக்கலாம் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட முறைதான். அதற்குக் கர்ப்பகாலத்திலேயே எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும் என்பதும் விதிதான். அண்ணியிடம் வலியோடு வலியாகப் பல காகிதங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. பல மாதம் கழித்து வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. "என் உடம்புக்குள் ஒன்று இருப்பதை ஸ்கேன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று அவர் கேட்டதை நான் மறக்கவில்லை. மறுநாளே எடுக்கச் சொல்லிவிட்டார். அவருடைய வயிற்றுவலிக்குக் காரணம் வேறு என்று பிறகு தெரிந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் லூப் என்றால் இன்றும் அந்த ஸ்கேன்தான். ஒரு நல்ல சாதனத்தைக் கேட்காமல் வைத்ததால், அந்த வீட்டில் ஐந்து பெண்களுக்கு அது இல்லாமல் போனது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அண்ணியிடமே போய்க் கேட்டேன். "நீ கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்கிறாய். எனக்கு நடந்தது வேறு. போட்டுக்கொள்" என்றார். அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை.

உடனே போட்டுவிடவும் இல்லை. ஹீமோகுளோபின் 10.2 இருந்தது. காப்பர் டி போட்ட புதிதில் ரத்தப்போக்கு கூடும் என்பதால், முதலில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் டாக்டர். அது 11-ஐத் தாண்டிய பிறகு, மாதவிடாய் தொடங்கிய அந்த வாரத்திலேயே போனேன். கர்ப்பம் இல்லை என்று உறுதியாக இருந்தால் எந்த நாளிலும் போடலாம். ஆனால் அந்த நாட்களில் சந்தேகத்துக்கு இடமில்லை, கருப்பை வாயும் சற்று இளகியிருக்கும்.

வலிக்குமா என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளது உள்ளபடி சொல்கிறேன். முதலில் கையால் பரிசோதித்து, கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி, குளிர்ந்த கிருமிநாசினி. கருப்பை வாயைப் பிடித்துக்கொள்ளும்போது சுருக்கென்று ஒரு வலி. அடுத்து மெல்லிய கம்பி ஒன்றை விட்டுக் கருப்பையின் ஆழத்தை அளந்தார்கள். எனக்கு அடிவயிறு முழுக்க முறுக்கியது அப்போதுதான், மாதவிடாய் வலியைவிட நன்றாகவே கூடுதல். சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை வாயால் விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காப்பர் டி உள்ளே போனது அதைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது. நூலை மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கினார்கள். மொத்தமும் சில நிமிடம். எழுந்ததும் தலை சுற்றியது, படுக்க வைத்து, பிறகு அனுப்பினார்கள். எல்லோருக்கும் இதே அளவு வலிக்கும் என்று சொல்ல மாட்டேன். வலி தாங்காதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் மாத்திரை பற்றிக் கேட்டுவிட வேண்டும், கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. அன்றைக்குத் துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கையில் ஓர் அட்டை தந்தார்கள். போட்ட தேதி, வகை, எடுக்க வேண்டிய வருடம். அதை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.

முதல் மூன்று மாதம் சுலபமாக இல்லை. போக்கு அதிகம், நாட்களும் கூடின, நாப்கின் செலவு இரட்டிப்பானது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் தொடர்ந்தேன். டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரை கைகொடுத்தது. நான்காவது மாதத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து, இப்போது பழையபடி ஆகிவிட்டது, முதல் நாள் வலி மட்டும் சற்றுக் கூடுதல். நடுவில் ஒருமுறை எடுத்துவிடலாமா என்று நினைத்ததும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்டால் எடுத்துவிடுவோம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சிஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்ததுதான் என்னைப் பொறுத்திருக்க வைத்தது.

முதல் மாதவிடாய்க்குப் பிறகு போய்ச் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு முதல் சில மாதங்களில்தான் அதிகம். அதன் பிறகு மாதவிடாய் முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். நூல் தட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ உடனே போக வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் காத்திருக்கவே கூடாது. காப்பர் டி இருக்கும்போது அபூர்வமாகக் கரு தங்கினால் அது கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு என்ன என்பதையும் பேசிவிட்டோம். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். ஆண்களுக்கானது கத்தியில்லாமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, சிறு துளை வழியாகச் செய்வது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பலன் முழுமையாக மூன்று மாதம் ஆகும், விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். உழைக்கிற உடம்பு தளர்ந்துவிடும் என்பது அத்தையின் பயம். ஆண்மைக்கோ வலுவுக்கோ அதனால் எந்தக் குறைவும் வருவதில்லை. "அடுத்த முறை நான் செய்துகொள்கிறேன்" என்று கணவர் சொல்லியிருக்கிறார். அத்தையிடம் அதைச் சொல்ல வேண்டியதும் அவர்தான் என்று பேசி வைத்திருக்கிறோம்.