கதவு ரப்பரில் தொடங்கி கீலுக்குப் போன வேலை

என் பழைய காருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. மழையில் எடுத்தால் ஓட்டுபவர் காலடியில் கிடக்கும் மேட் ஊறிப்போகும், கொஞ்சம் வேகம் கூட்டினால் கதவின் மேல்மூலையிலிருந்து விசில் சத்தம் வரும். கதவைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பர் காய்ந்த மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது, வளைத்தால் ஒடிந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, புதுசு வாங்கி ஒட்டினால் ஒரு நாளில் முடியும் என்றுதான் இறங்கினேன். நாலு கதவில் ஒரு கதவு முடியவே இரண்டு மாதம் ஆகிவிட்டது.

முதல் தப்பு வாங்கும்போதே நடந்தது. தடிமனாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று நானே முடிவுகட்டி, உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி ரப்பரை வாங்கி ஒட்டினேன். கதவு பாதிதான் பூட்டியது. தோளால் இடித்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும், ஆனால் பின்விளிம்பு மட்டும் பக்கத்துத் தகட்டைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போகப்போக அமுங்கிவிடும் என்று மூன்று வாரம் பொறுத்தேன். புது ரப்பர் நாளாவட்டத்தில் அமுங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது உள்ளே குழல்போல வெற்றிடம் உள்ள ஸ்பாஞ்ச் ரப்பருக்குப் பொருந்தும். கெட்டி ரப்பர் எங்கே போய் அமுங்கும்? பூட்டின் கொக்கி தேய ஆரம்பித்ததும் மொத்தத்தையும் உரித்து எறிந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, கதவுக்கும் கார் பாடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று நான் அளக்கவே இல்லை. பழைய ரப்பரை அளந்து பயனில்லை, அது பல வருஷம் நசுங்கிக் கிடந்தது, நீளமும் சுருங்கியிருக்கும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, பெயின்ட்டில் ஒட்டாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கதவுச் சட்டத்தில் பத்து இடத்தில் வைத்தேன். கதவை மெதுவாகப் பூட்டித் திறந்து, நசுங்கிய உருண்டைகளின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்தால், மேலே பின்மூலையில் 14 மில்லிமீட்டர், கீழே முன்பக்கம் 7. ஒரே கதவில் இரண்டு மடங்கு வித்தியாசம்! எந்த ரப்பரும் இதைச் சமாளிக்காது.

கதவைத் திறந்துவைத்து நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடியது. மேல் கீலின் நடுவே அச்சாக இருக்கும் இரும்புப் பின் தேய்ந்து கதவு தொங்கிப்போயிருக்கிறது. விசிலுக்கும் அதுதான் காரணம், நான் பாவம் ரப்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னையும், அது சுழலும் வளையமான புஷ்ஷையும் மாற்றி, சட்டத்தில் இருக்கும் பூட்டுக் கட்டையைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி களிமண் வைத்தேன். இப்போது எல்லா இடத்திலும் 9 முதல் 11-க்குள் வந்தது.

இனி ரப்பர் தேர்வு சுலபம். பூட்டும்போது ரப்பர் தன் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு, அதனால் 15 மில்லிமீட்டர் குழல் உள்ளதைத் தேடினேன். இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் ஸ்பாஞ்ச்தான் எடுத்தேன், வெயிலையும் மழையையும் தாங்கும். ஆனால் எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் பட்டால் அது ஊதிப்போய்விடும், பளபளப்புக்கு வாசலின் தடவுகிற ஆசாமிகள் கவனிக்கவும், சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் தடவலாம். முழுதாக வாங்கும் முன் ஒரு சாண் துண்டு வாங்கி விரலால் நசுக்கிவிட்டுப் பார்த்தேன், உடனே பழைய வடிவுக்கு வந்தால் சரி. நீளத்துக்குக் கதவின் விளிம்பைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, அதற்கு மேல் ஒரு முழம் கூடுதலாக வாங்கினேன். மடித்துக் கட்டி வந்ததால் அங்கங்கே மடிப்பு விழுந்திருந்தது, ஒரு பகல் வெயிலில் நீட்டிப் போட்டதும் சரியானது.

பழைய பசையை எடுப்பதுதான் இருப்பதிலேயே கொடுமையான வேலை. பிளாஸ்டிக் சுரண்டியால் முடிந்தவரை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் தின்னர் நனைத்த துணி. அவசரத்தில் நேராகத் தின்னரை ஊற்றியதில் காசு அகலத்துக்குப் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. கீழ்மூலையில் ரப்பருக்கு அடியில் துருவும் இருந்தது. தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி, ஒரு வாரம் தொடவே இல்லை, காயாத பெயின்ட்டின் மேல் பசை பட்டால் சுருங்கி எழும்பிவிடும்.

ஒட்டும் முன் மாஸ்கிங் டேப்பால் முழு ரப்பரையும் அங்கங்கே பிடித்துவைத்துக் கதவைப் பூட்டிப் பார்த்தேன். முக்கியமான ஒன்று, ரப்பரை இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டினால் கொஞ்ச நாளில் அது சுருங்கி மூலையில் விலகி நிற்கும், அதனால் வளைவுகளில் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொடுத்தே ஒட்ட வேண்டும். பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, ஒரு தடவைக்கு ஒரு அடி நீளம் மட்டும். மேலே நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கினேன், இணைப்பு கீழே வரும்படி. அங்கே 4 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனையையும் முட்டவைத்து சூப்பர் க்ளூ போட்டேன். குழலில் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை காற்று வெளியேறுவதற்கு, பசையால் அடைத்துவிட்டால் கதவு பந்து மாதிரி எகிறும்.

ராத்திரி முழுக்கப் பூட்டிவைத்தேன். மறுநாள் ரப்பர் முழுக்க சாக்பீஸ் தேய்த்துக் கதவைப் பூட்டித் திறந்தால், சட்டத்தில் வெள்ளைக் கோடு விடாமல் ஒரு சுற்று விழுந்திருந்தது. காகிதத் துண்டை இடுக்கில் வைத்துப் பூட்டி இழுத்தும் பார்த்தேன், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம். பெருமை தாங்கவில்லை.

அப்புறம் தண்ணீர் சோதனை. குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலே வந்தேன், நண்பர் டார்ச்சோடு உள்ளே. ரப்பர் வழியாக ஒரு சொட்டு இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கதவின் உள்பக்க அட்டை அடியில் கசிய ஆரம்பித்தது. கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம்! கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் கதவுக்குள் போய் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறுவதுதான் வழக்கம். மூன்றில் இரண்டு ஓட்டையை நானே பசையும் ரப்பரும் வைத்து அடைத்திருக்கிறேன். கீழ்ப்பகுதியை உரித்து, சில மில்லிமீட்டர் தள்ளி மறுபடி ஒட்டினேன். மூன்றாவது ஓட்டையில் பழைய மண்ணும் சருகும், கம்பியால் குத்தி எடுத்தேன்.

இப்போது மேட் காய்ந்தே இருக்கிறது, விசிலும் இல்லை. கதவு மட்டும் கொஞ்சம் இறுக்கம், கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவிட்டுச் சாத்தினால் போதும். இடதுபக்க முன்கதவில் நேற்று களிமண் வைத்துப் பார்த்தேன். மேலே 6, கீழே 13. பின்னும் புஷ்ஷும் வாங்கியாகிவிட்டது.