62 சென்ட்டும் மூன்று மாவட்டங்களும்

செங்கோட்டை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், எங்கள் குடும்பத்துக்கு 62 சென்ட் நஞ்சை இருக்கிறது. தாத்தா அதை வாங்கியபோது அது திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கொல்லம் மாவட்டத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தமிழ்நாட்டின் 33ஆவது மாவட்டமானபோது மறுபடியும் மாவட்டம் மாறியது. வயல் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குரிய காகிதங்கள்தான் அலைந்திருக்கின்றன. அப்பா காலமான பிறகு அந்த நிலத்தின் பட்டாவை அண்ணன், தங்கை, நான் ஆகிய மூவர் பெயருக்கும் மாற்றிக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. கேரள எல்லைப்புறத்தில் இதே நிலையில் பலர் இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. இணையத்தில் பட்டாவைப் பார்க்க முயன்றபோது, வீட்டிலிருந்த பழைய நகலில் அச்சாகியிருந்தபடி திருநெல்வேலி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எங்கள் வட்டமும் கிராமமும் பட்டியலில் இல்லையே என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். தென்காசி என்று மாற்றியதும் எல்லாம் வந்தது. புல எண் சரியாக இருந்தது, பரப்பு 0.25.0 ஹெக்டேர் என்று 62 சென்ட்டுக்குப் பொருந்தியது. உடைமையாளர் பெயரில்தான் சிக்கல். எங்கள் தாத்தாவின் பெயர் 'சுடலை' என்று தொடங்கும். பட்டாவில் அது 'கடலை' என்று இருந்தது.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்லும் பணியில், தமிழகக் கிராமங்களின் நிலப் பதிவுகள் புதிதாக எழுதப்பட்டன. எங்கள் பட்டாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவசரமாக எழுதிய 'சு' என்ற எழுத்தின் வால் சற்று மடங்கினால் 'க' என்று படித்துவிடலாம்; கையால் படியெடுக்கும் எவருக்கும் அது நேரக்கூடியது. ஆனால் 'கடலை'யின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்று எந்த வாரிசுச் சான்றும் சொல்லாது. ஆகவே பெயரைத் திருத்தாமல் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்து பயனில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்பாவுக்கும் இது தெரிந்தே இருந்தது. மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுக் கொடுப்பதற்காக அவர் இரண்டு முறை திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்துக்குப் போய்வந்திருக்கிறார். காலையில் செங்கோட்டையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். இரண்டாம் முறை மூலப்பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்களாம். அது நடவுக் காலம், போகவில்லை. பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எனக்கு அதே அலுவலரின் பதவி தென்காசிக்கே வந்துவிட்டது. புது மாவட்டத்தால் என்ன வந்தது என்று யாராவது கேட்டால், என் பதில் இந்தப் பஸ் பயணத்தோடு முடிந்துவிடும்.

மூலப்பத்திரம் பரணில் ஒரு தகரப்பெட்டிக்குள் கிடந்தது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பதித்த முத்திரைத்தாள். மடிப்புகளில் கிழிந்து, நடுவில் ஒரு காசளவு கரையான் தின்றிருந்தது. கரையான் தின்ற இடம் சரியாகத் தாத்தாவின் பெயர் வரும் வரி. பத்திரத்தின் உடல் தமிழில் இருந்தது. பெயர் இன்னும் இரண்டு இடங்களில் வந்தாலும், அங்கேயும் 'சு' என்ற எழுத்து ஐயத்துக்கு இடமில்லாமல் இல்லை. அதை எழுதியவரின் கையே அப்படிப்பட்டது. பின்பக்கத்தில் பதிவு அலுவலரின் மேலெழுத்தும் முத்திரையும் மலையாளத்தில் இருந்தன. அதை எங்கள் வீட்டில் யாராலும் படிக்க முடியவில்லை.

பெரியம்மா மகளைக் கேரளத்தில், ஆரியங்காவுக்கு அப்பால் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தான் மலையாளப் பள்ளியில் படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியரை வழியாக மலையேறி அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இதுல தெளிவா இருக்கேப்பா, சுடல. மலையாளத்துல 'சு'வையும் 'க'வையும் மாத்திப் படிக்கவே முடியாது" என்றார். உண்மைதான். அந்த எழுத்துகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தமாகக்கூடத் தோன்றவில்லை. ஒரு தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்தால் நிறுவ முடியாமல் தவித்த எனக்கு, படிக்கத் தெரியாத மலையாள வரியே சாட்சியாக அமைந்தது.

மலையாளப் பகுதியின் மொழிபெயர்ப்பில் நோட்டரி வழக்கறிஞரிடம் சான்றொப்பம் பெற்றேன். தேதி இன்னொரு தடையாக இருந்தது. பத்திரத்தில் '1118 மீனம்' என்றிருந்தது. அது கொல்லம் ஆண்டு. அந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், பங்குனி, சித்திரை போன்ற பிற்பகுதி மாதங்களுக்கு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே இது 1943, நம் கணக்கில் ஏறத்தாழப் பங்குனி. இதை விளக்காமல் கொடுத்தால், 1118 என்பதைக் கிறித்தவ ஆண்டாகவோ, வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கான பசலியாகவோ எடுத்துக்கொண்டு யாரேனும் குழம்பக்கூடும். அதனால் ஒரே ஒரு வெள்ளைத்தாளில் கொல்லம் ஆண்டு, ஆங்கில ஆண்டு, பழைய சர்வே எண், இன்றைய புல எண், சென்ட், ஹெக்டேர் ஆகியவற்றை எதிரெதிரே எழுதி, மனுவின் முதல் பக்கத்துக்கு அடியில் வைத்தேன். இந்த ஒன்றரை ஆண்டில் நான் செய்த உருப்படியான காரியம் அந்தத் தாள்தான். சிலர் 'சுடலையும் கடலையும் ஒரே நபர்' என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதினால் போதும் என்றார்கள். நான் அதை நம்பவில்லை. நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் சாட்சி எத்தனை தூரம் நிற்கும்?

2022இல் 1431ஆம் பசலிக்குரிய ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நடந்தபோது மனுவைக் கொடுத்தேன். ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் மொத்தமாக மேசைக்கு வருவதால் அந்த நேரத்தை விடக்கூடாது. வில்லங்கச் சான்று, அப்பா, தாத்தா இருவரின் இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்றுகள், திருவிதாங்கூர்க் காலத்துக் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதுகள் இரண்டு, அப்பா கட்டிய கிஸ்தி ரசீதுகள் ஆகியவற்றை இணைத்திருந்தேன். அதன்பின் வழக்கமான வரிசைதான்: வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அறிக்கைகள் மேலே போயின. இடையில் சாரல் காலம் வந்து போனது.

தென்காசியில் விசாரணை 20 நிமிடத்தில் முடிந்தது. பக்கத்து வயல்காரர்கள் இருவர் வந்து, பத்திரத்திலுள்ள நான்கெல்லைகள் இன்றும் அப்படியே இருப்பதாகச் சொன்னார்கள். அலுவலர் அந்த வெள்ளைத்தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். "1118ஐ நீங்களே மாற்றி எழுதிவிட்டீர்களா, நல்லது" என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பை மூலத்தோடு வைத்து முத்திரையைச் சரிபார்த்தார். 'கடலை' என்ற சொல் வந்தபோது அறையில் எல்லாரும் சிரித்தோம். தாத்தாவும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பெயர்த் திருத்த ஆணை 2023இன் தொடக்கத்தில் வந்தது. அது பதிவில் ஏறியதும், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, உட்பிரிவு இல்லாத கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்தோம். நிலத்தை மூன்றாக அளக்கலாம் என்று அண்ணன் சொன்னான். வாய்க்கால் ஒன்றுதான் என்பதால் தங்கையும் நானும் ஒப்பவில்லை. சில வாரங்களில் மூன்று பெயர்களோடும் பட்டா வந்துவிட்டது.

அந்த வெள்ளைத்தாளின் நகல் ஒன்றை, விசாரணைக்கு வந்த பக்கத்து வயல்காரர்களில் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். அவருடைய பத்திரத்தில் 1121 தனு என்றிருக்கிறது. தனு என்றால் நம்முடைய மார்கழி. டிசம்பரா, ஜனவரியா என்பதைப் பொறுத்து 1945 அல்லது 1946 வரும். நாள் எழுதியிருக்கும் மூலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.