வார்டுக்குள் ஒரு பிரஷ்

ஜூன் 3, 2025
வார்டிலிருந்து பல் பிரிவுக்கு ஆள் வந்தால் பெரும்பாலும் பல்வலியாகத்தான் இருக்கும். இன்று அப்படி இல்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் குளச்சல் பாட்டா ஒருவர். மூக்கு ட்யூப் வழியாகத்தான் கஞ்சித்தண்ணி போகிறது. "வாய் வழியா ஒண்ணுமே இறங்கல்ல, பின்ன எதுக்கு பல்லு தேய்க்கணும் சிஸ்டர்?" என்றார் மகள். நியாயமான கேள்வி. ஆனால் சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் அழுக்காகும். எச்சில் வற்றி, அண்ணம் முழுக்கச் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாகப் பெயர்த்தேன். விழுங்க முடியாதவருக்கு இந்தக் கிருமியெல்லாம் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியாதான்.

ஜூன் 6
வார்டு சிஸ்டர்களைக் குறை சொல்ல மனம் வராது. மருந்து, ட்ரிப்ஸ், கேஸ் ஷீட் என்று ஓடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திறக்காத வாய் அவர்களுக்குப் பெரிய பாடு. பல், ஈறு சுத்தம் பார்க்கும் டென்டல் ஹைஜீனிஸ்ட்டான எனக்கு அது தினசரி வேலை. தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் திருப்பி, விரலால் கன்னத்தை விலக்கி, மென்மையான சின்ன பிரஷில் துளி பேஸ்ட் வைத்துத் தேய்த்துக் காட்டினேன். எங்கள் பல் பிரிவு அசிஸ்டன்ட், வாயில் சேரும் தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடித்த அழகைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குப் போகவில்லை. அந்தக் கையைப் பல் பிரிவு நாற்காலி பக்கத்திலேயே நிறுத்திவைத்திருப்பது எவ்வளவு பெரிய வீண்!

ஜூன் 11
தக்கலைப் பக்கம் பைக் விபத்து. பையனுக்கு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. வாந்தி வந்து மூச்சு முட்டினால் உடனே கம்பியை வெட்ட வேண்டும். அதற்குக் கட்டர் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று நைட் சிஸ்டருக்கு அசிஸ்டன்ட் தொட்டுக் காட்டினார்.

ஜூன் 12
தலையணை உறைக்குள் ஒரு பல்செட்டு. நல்லவேளை, சலவைக்குப் போகவில்லை. பெயர் எழுதிய மூடி டப்பா கட்டிலுக்கு ஒன்று வேண்டும்.

ஜூன் 17
வார்டு நோயாளிகளின் வாய் சுத்தத்தை நாங்களும் பார்க்கிறோம் என்று பெரிய டாக்டரிடம் பேசினோம். 15 ஆய்வுகளைத் தொகுத்து, 2023 டிசம்பரில் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரையைக் காட்டினேன். பல் துலக்கிவிட்ட நோயாளிகளிடம் மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத்தான் பலன் அதிகம். இங்கிலாந்தில் மவுத் கேர் மேட்டர்ஸ் திட்டத்தில் பல் பிரிவினரே வார்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதையும் சொன்னோம். "சரி, ஐசியுவில் ஆரம்பியுங்கள்" என்றார். காலை ஓபி தொடங்குமுன் நானும் அசிஸ்டன்ட்டும் ஒரு சுற்றுப் போவோம்.

அடுத்துக் கேட்கப்போவது புற்றுநோய் நோயாளிகளுக்காக. எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரானிக் ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஊசிக்கு முன்பே அவர்களை எங்களிடம் அனுப்பச் சொல்ல வேண்டும்.