பன்னிரண்டு என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை

நான் இன்டர்வியூவுக்குத் தயாராகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வாரம் பெங்களூர் முருகேஷ்பாளையா அறையில் ராத்திரி ஒரு மணி வரை எஸ்கியூஎல்லை, அதாவது டேட்டாபேஸில் தகவல் தேடுகிற மொழியை, போட்டுத் தேய்த்தேன். ரெஸ்யூமேயில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் ஐந்து நிமிடமாவது பேசணும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை வேறு. அது நிஜமாகவே உதவியது. ஒரு கேள்விக்கு "தெரியாது, ஆனால் இங்கிருந்து தேட ஆரம்பிப்பேன்" என்று சொன்னதைக்கூடத் தலையாட்டிக் கேட்டார்கள். இரண்டு டெக்னிக்கல் ரவுண்டும் தாண்டியாச்சு.

கோட்டை விட்டது அதற்கப்புறம், 500டி பஸ்ஸில். மாரத்தஹள்ளி பக்கம், ஒரு கையில் கம்பி, தோளில் லேப்டாப் பை, அப்போது பார்த்து அந்தக் கம்பெனி எச்ஆர் போன். வருஷச் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றார். பின்னால் ஒருவர் இறங்க வழி கேட்டுக்கொண்டிருந்த அவசரத்தில் "பன்னிரண்டு லட்சம்" என்றேன். மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை, "ஓகே" என்றார். அந்த வேகத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு லட்சம் என்று கணக்குப் போட்டு மைசூர்பாக் வாங்கிக்கொண்டு மாடி வீட்டு அண்ணனிடம் போனேன். ஆம்பூர்க்காரர், சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். இனிப்புக் கடை பில்லைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். "பேசிக், அதான் அடிப்படைச் சம்பளம், பாதின்னு வச்சுக்கோ, ஆறு லட்சம். அதுல 12 சதவீதம் கம்பெனி போடுற பிஎஃப், வருங்கால வைப்பு நிதி, 72,000. கிராஜுவிட்டி, வேலைய விட்டுப் போறப்ப தர்ற பணிக்கொடை, பேசிக்ல 4.81 சதவீதம், 28,860, அது அஞ்சு வருஷம் இருந்தாத்தான் உனக்கு. வேரியபிள், வேலையைப் பொறுத்துக் கூடக் குறையத் தர்ற பங்கு, மொத்தத்துல பத்து சதவீதம்னா 1,20,000. இது மூணும் உன் பன்னிரண்டுக்குள்ளேதான் தம்பி." அப்புறம் என் பங்கு பிஎஃப் இன்னொரு 72,000, கர்நாடகத் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. கடைசியில் மாதம் கைக்கு வருவது 75 ஆயிரத்துச் சொச்சம். இப்போது வாங்குவதே 72 ஆயிரம். பில்லில் எண்ணெய்க் கறை மட்டும்தான் பளபளப்பாக இருந்தது.

மறுநாள் எச்ஆரிடம் கொஞ்சம் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டேன். நீங்கள் சொன்ன எண்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூன்று ஆயிரத்துக்காகத் தினமும் அந்த ரோட்டில் நிற்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

அடுத்த இன்டர்வியூ எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில். அங்கிருந்து போன் வந்தபோதும் நான் ரோட்டில்தான் இருந்தேன், ஆனால் "சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். ஏழு மணிக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் எண்ணைச் சொல்லாமல், இந்த வேலைக்கு என்ன பட்ஜெட் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டேன். மாதாமாதம் நிச்சயமாக வருகிற ஃபிக்ஸட் எவ்வளவு? போன வருஷம் வேரியபிள் நிஜத்தில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்? ஜாய்னிங் போனஸ் வாங்கிவிட்டு ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தரணுமா? கோபப்படுவார் என்று பயந்தேன், அவரோ எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற பிரேக்அப்பை மெயிலில் அனுப்புகிறேன் என்றார், அனுப்பியும் விட்டார். இந்த முறை வந்த எண், பிடித்தமெல்லாம் போன பிறகும் எண்ணாகத்தான் இருந்தது.

அதை ஒத்துக்கொண்டு பழைய கம்பெனியில் விலகுவதாகச் சொல்லிவிட்டேன், இப்போது 90 நாள் நோட்டீஸில் 41 ஓடியிருக்கிறது. மிச்ச நாளுக்குப் பணம் கட்டி என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்களா என்று புதுக் கம்பெனியிடம் கேட்க மறந்துவிட்டேன். அண்ணன் திட்டுகிறார்.