தறிக்குழியில் என் ஆபீஸ்

2020 ஏப்ரலில் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு லேப்டாப்போடு குடியாத்தம் வந்தபோது, மாடி அறையைத்தான் ஆபீஸ் ஆக்கினேன். நல்ல நாற்காலி, நாலடி மேசை எல்லாம் வாங்கிப் போட்டேன். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அந்த அறை யாருக்குமானது இல்லை என்று புரிந்துவிட்டது. மேற்குச் சுவர், மேலே வெறும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் இறக்க ஆரம்பிக்கும். வேலூர் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் சாதாரணம். ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் சுற்றி வரும். லேப்டாப் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் மதியம் கீழே இறங்கி, பூட்டியே கிடந்த தறி ரூமில் போய்ப் படுத்தேன். மண் சுவர், நாட்டு ஓடு. நைனா, அதாவது என் அப்பா, முப்பது வருஷம் கைலி நெய்த இடம். உடம்பு வற்றி நெசவை நிறுத்திய பிறகு தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். குழி மட்டும் அப்படியே இருந்தது. அங்கே இருந்த குளிர்ச்சியில் நான் தூங்கியே போனேன்.

குழித்தறியில் நெய்கிறவர் தரைக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதிகட்டையை மிதிப்பார். அதற்காகத் தோண்டிய குழியின் குளிர்ச்சி நெசவுக்கும் உதவியது. மண்ணின் ஈரம் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலை, காய விடாது, இழை அறுவது குறையும். ஈரக்காற்று போகக் கூடாது என்று ஜன்னலையும் சின்னதாகவே வைப்பார்கள். நூலுக்குச் செய்தது இப்போது எனக்கும் லேப்டாப்புக்கும் ஆகிறது.

குழியை மூடிவிட்டு நாற்காலி போடலாம் என்றுதான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். நைனா வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்குடா மூடற? கால தொங்கப் போட்டு ஒக்காந்து பாரு" என்றார். உட்கார்ந்தேன். முழங்கால் கிட்டத்தட்ட 90 டிகிரியில் மடங்கியது, பாதம் தரையில் அழுந்தியது. மாடியில் நாற்காலியை ஏற்றியும் இறக்கியும் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். குழி வெட்டிய நாளில் அவர் காலை அளந்துதான் ஆழம் வைத்தார்களாம். என் கால் அவர் காலைவிட இரண்டு விரற்கடை நீளம், அதனால் உட்காரும் விளிம்பில் ஒரு பலகையைப் போட்டு, மேலே இலவம்பஞ்சுத் திண்டு வைத்தேன். முதுகுக்குச் சுவரில் இன்னொரு திண்டு. குழியின் மேல் குறுக்கே பழைய தேக்குப் பலகை, தரையிலிருந்து 11 அங்குலம். முழங்கை தொங்கும் உயரத்துக்குத் தனி விசைப்பலகை வந்துவிட்டது. லேப்டாப்புக்கு அடியில் மரப்பெட்டி வைத்துத் திரையின் மேல் விளிம்பைக் கண்ணுக்கு நேராக ஏற்றினேன். ஒரு கை நீளம் தள்ளி இருக்கிறது.

வெளிச்சத்தையும் நைனாதான் சொன்னார். "பக்கவாட்டுல வரணும். எதிர்ல வந்தா கண்ணு கூசும், பின்னால வந்தா உன் நெழல் துணி மேல வுழும்." துணிக்குப் பதில் எனக்குத் திரை. ஜன்னல் இடக்கைப் பக்கம் இருக்கிறது, வீடியோ காலில் முகமும் நன்றாகத் தெரிகிறது.

ஈரம்தான் தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் கசிந்தது. சிமெண்ட் பூசிய பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனாலும் ஒரு ஒயர்கூடக் குழிக்குள் இறங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சுவரில் மூன்றடி உயரத்தில் கொண்டு போயிருக்கிறேன். காலையில் டார்ச் அடித்துத் தேள் இருக்கிறதா என்று பார்க்காமல் காலை விடமாட்டேன். கரண்ட் போனால் ரவுட்டர் நிற்காமல் இருக்க 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று. பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன், இன்வெர்ட்டரில் கூடுதல் நேரம் தாங்குகிறது.

ஒன்று மட்டும் தறியில் இருந்தது, என் வேலையில் இல்லை. குறுக்கிழையோடு ஓடுகிற நாடாவில் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, தீர்ந்தால் கை தானாக நிற்கும், நெய்கிறவர் தலை நிமிர்வார். சம்பளக் கணக்கு போடுகிற எனக்குத் தீருவதற்குத் தார் கிடையாது. அதனால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை போனில் மணி வைத்திருக்கிறேன். அடித்தால் கண்ணுக்கு ஓய்வாகக் கதவு வழியாகக் கிணற்றடி முருங்கையைப் பார்ப்பேன், இருபதடிக்கு மேல் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அந்த மணி அடிக்கிறபோது திண்ணையிலிருந்து நைனா குரல் கொடுப்பார்: "தார் ஆச்சா? சாப்ட வா."