மூன்று வெற்றுக் கட்டங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்ன அலுவலகத்தில் நாலு வருடம் வேலை செய்தேன். வெளிநாடுகளில் சுரங்கம் தோண்டும் நிறுவனங்களின் சுற்றாடல் அறிக்கைக்குத் தரவு சரிபார்க்கும் வேலை. தோண்டுவது ஆபிரிக்காவில், தலைமையகம் ஐரோப்பாவில், எக்ஸெல் தாள் மட்டும் யாழ்ப்பாணத்தில் என் மேசைக்கு வரும்.

அதில் ஒரு செப்புச் சுரங்கம். கழிவுநீர் ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அந்த நாட்டு அனுமதிப் பத்திரம் சொல்கிறது. ஒரு வருடத் தாளில் மூன்று மாதக் கட்டங்கள் வெறுமை. "மழை, பாதை இல்லை" என்று குறிப்பு. அதே மாதங்களில் கழிவுநீர் சேரும் இடத்துக்கு மேலே ஆற்றில் மாதிரி ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள். கழிவுத் தேக்கம் நிரம்பி வழியக்கூடியதும் அந்த மழையில்தானே?

பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன். "இல்லாத கணக்கை நாங்கள் போடேலாது தம்பி. இல்லையெண்டு எழுதி அனுப்பு" என்றார். அனுப்பினேன். அச்சான அறிக்கையில் 9 மாதச் சராசரி, ஆண்டுச் சராசரியாகி இருந்தது. முதல் பக்கத்தில், உள்நாட்டுச் சட்டங்கள் அனைத்தையும் பின்பற்றியதாக ஒரு வரி. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த மாதிரி வரிகளின் கனம் பிறகுதான் விளங்கியது. சாம்பியாவின் செப்புச் சுரங்கமொன்று தங்கள் தண்ணீரைக் கெடுத்ததாக 1,826 கிராமத்தவர்கள், அதை நடத்திய நிறுவனத்தின் தாய் நிறுவனமான வேதாந்தா மீது இலண்டனில் வழக்குப் போட்டார்கள். அதை அங்கேயே விசாரிக்கலாம் என்று 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னது. துணை நிறுவனத்தின் சுற்றாடல் பொறுப்பைத் தாங்களே கவனிப்பதாகத் தாய் நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகளையும் நீதிபதிகள் எடுத்துப் பார்த்தார்கள். 2021இல், பொறுப்பை ஏற்காமலே, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. எங்களைப் போன்றவர்கள் தட்டச்சு செய்யும் வரிகள்தான் அவை.

மன்னார் தீவில் இல்மனைற் (டைட்டேனியம் எடுக்கும் கனிமம்) மணலுக்காக அவுஸ்திரேலிய நிறுவனமொன்று துளையிட்டுப் பார்த்த விடயம் பேச்சில் வந்தபோது, அந்தத் தீவின் பேசாலையில் இருக்கும் நண்பன் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், நாங்கள் இப்ப என்ன செய்யலாம்?"

சட்டம் பற்றி நான் அதிகம் பேசவில்லை. தோண்டத் தொடங்கினால், முந்தி கிணறு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். அதற்கு இப்போதே தண்ணீர் எடுத்து, போத்தலில் திகதியும் கிணற்றின் இடமும் எழுதி, ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து வாங்கும் தாளைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். ஒரு மாதமும் விடாமல். மாரி மழையிலும்.