506 என்று எழுதியிருந்த தாள்

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தந்தால்தான் கையெழுத்திடுவேன் என்று மும்பையில் பரேல் பக்கம் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் நின்று சொன்னேன். அதற்கு முந்தைய கதை தாராவியில் பல வீடுகள் அறிந்ததுதான்: இரண்டு மாத இருமல், ஒன்பது கிலோ எடை இழப்பு, சளிப் பரிசோதனை. சிபிநாட் கருவியில் சளியை வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். காசநோய்; அதிலும் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாத வகை.

சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசம். பெடாகுவிலின், லினசோலிட், லெவோஃப்ளாக்சசின், குளோஃபாசிமின், சைக்ளோசெரின் என ஐந்து மருந்துகள். இவற்றுள் மூன்று இதயத் துடிப்பின் தாளத்தையும் தொடக்கூடியவை என்றும், ஈ.சி.ஜி. எடுக்காமல் முதல் மாத்திரை கிடையாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அதே வாரம்தான் இன்னொரு பேச்சு வந்தது. இந்த மருந்துகளை உட்கொள்வோரின் இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று தொற்றுநோய்ப் பிரிவும் இதயப் பிரிவும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்கின்றன, வழக்கமான ஈ.சி.ஜி.யோடு கூடுதலாகச் சிலவும், 24 மணி நேரப் பதிவும், இரத்தப் பரிசோதனையும் இருக்கும், சேர விருப்பமா?

"உன்னை வைத்துச் சோதனை செய்யப்போகிறார்களா?" என்று என் மாமியார் அழுதுவிட்டார். அத்தையின் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு என் மகள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு விடை கண்டது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. அதில் பெயர் கொடுத்தவர்கள் சென்னை நகரத்து ஏழைகள். நான் என் வீட்டில் படுத்திருக்க முடிவது அவர்கள் கொடுத்த கையெழுத்தால்தான். இதை அத்தையிடம் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் என்னோடு மருத்துவமனைக்கு வந்தார்.

படிவம் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எனக்கு இந்தி பேசவரும். ஆனால் என் உடலைப் பற்றிய பன்னிரண்டு பக்கங்களை இந்தியில் படித்து 'புரிந்தது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் 'தாயி' என்று அழைக்கும் மராத்திய ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிக்கவில்லை. மொழிபெயர்ப்பையும் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்ப வேண்டும் என்பதால் மூன்று வாரம் ஆகும் என்றார். காத்திருந்தேன். மருந்து அதற்குள் தொடங்கிவிட்டது. சிகிச்சை ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ்ப் படிவம் வந்தது. 'தன்னிச்சையாகப் பங்கேற்கிறேன்' என்று ஒரு வரி. கேட்பாரில்லாமல் நடப்பதையும் தானாக நடப்பதையும் அல்லவா தன்னிச்சை என்கிறோம்? 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று மாற்றச் சொன்னேன். மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த ஒரு சொல்லை விட்டுவிட முடியவில்லை. மாற்றினார்கள். விலகினாலும் சிகிச்சை நிற்காது, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவம் அவர்கள் பொறுப்பு, பெயருக்குப் பதில் எண் மட்டுமே பதிவாகும் என்ற மூன்று இடங்களை விரல் வைத்துப் படித்தேன். சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் இருக்கிறதா என்று அண்ணன் மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். இருந்தது. கையெழுத்திட்டேன்.

ஈ.சி.ஜி. எடுப்பதில் பெண்களுக்கு இருக்கும் சங்கடத்தை ஆண்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. திரையை முழுவதும் இழுத்துவிட்டுப் பெண் செவிலியரே எடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. அந்தச் செவிலியர் நாகர்கோவில்காரர். தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். இதயத்தின் கீழறைகள் சுருங்கத் தொடங்குவதிலிருந்து, அடுத்த துடிப்புக்கு மீண்டும் ஆயத்தமாகும் வரையிலான நேரம் கியூ.டி. இடைவெளி. அது மிகவும் நீண்டால், ஆயத்தமாகாத நேரத்தில் ஒரு துடிப்பு நுழைந்து தாளத்தையே குலைத்துவிடலாம். அப்போது கோடு முறுக்கிய நாடாவைப் போல ஓடும், உயிருக்கு ஆபத்து. பெண்களுக்கு இந்த இடைவெளி இயல்பிலேயே சற்று அதிகம்: 460 மில்லி விநாடி வரை பொறுக்கலாம், 500-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தியாக வேண்டும்.

இரண்டாம் வாரத் தாளின் மேல்மூலையில் இயந்திரம் 516 என்று அச்சிட்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. மருத்துவர் தாளை வாங்கி, அளவுகோல் வைத்து அளந்தார். இதயம் வேகமாகத் துடித்தால் இடைவெளி தானாகக் குறுகும். அதனால் வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட வேண்டும். இயந்திரம் பயன்படுத்தியது பாசெட் சூத்திரம்; அது வர்க்கமூலத்தால் வகுப்பது, துடிப்பு வேகமாக இருந்தால் மிகையாகக் காட்டும். காய்ச்சலும் சோகையும் உள்ள காசநோயாளிக்கு நாடி 100 இருப்பது சாதாரணம்; எனக்கும் அன்று அதுதான். ஃபிரிடெரிசியா சூத்திரம் கனமூலத்தால் வகுக்கிறது. அளந்த 400 மில்லி விநாடியை அதில் போட்டால் 474. அதே தாள், அதே இதயம்! இந்த மருந்துகளை உட்கொள்பவர்கள், தாளில் அச்சாகும் எண் எந்தச் சூத்திரத்தில் வந்தது என்று கேட்காமல் இருக்கவே கூடாது.

24 மணி நேரப் பதிவுப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மார்பில் ஒட்டு, இடுப்பில் பெட்டி, அன்று குளியல் இல்லை. சயான் நிலையத்துக் கூட்டத்தில் கம்பி அறுந்துவிடுமோ என்று அத்தை என்னை அணைத்தபடியே நடந்து வந்தார்.

பெடாகுவிலினை முதல் இரண்டு வாரம் தினமும் நான்கு மாத்திரை, பிறகு வாரம் மூன்று நாள் இரண்டிரண்டு, சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் உடலில் சேர்வது பாதியாகிவிடும். பத்தாம் வாரத்தில் எனக்குச் சாப்பாடே நிற்கவில்லை. நான்கு நாள் வாந்தி, தொண்டை வலி. திங்களன்று ஈ.சி.ஜி. இருக்கிறதே, அதுவரை தாங்கலாம் என்று தெருமுனைக் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். என்ன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று அங்கே சொல்லவில்லை. காத்திருந்தவர்களில் இருவர் என் மாணவிகளின் தாய்மார்கள். காசநோய் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. கிளினிக்கிலும் யாரும் கேட்கவில்லை. பொட்டலத்தில் ஆறு மாத்திரைகள் கொடுத்தார்கள்.

திங்களன்று எடுத்த தாளை மருத்துவர் இரண்டு முறை அளந்தார். பிறகு பேனாவால் ஓரத்தில் எழுதினார்: 506. இம்முறை நாடி 80தான். கனமூலத்தால் வகுத்த கணக்குதான். வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் 2.9-க்கு இறங்கியிருந்தது, 3.5-க்குக் குறையக் கூடாது. நாகர்கோவில் செவிலியர் என் பையைத் தன் மேசைமேல் கொட்டச் சொன்னார். "அக்கா, வேறு என்ன சாப்பிட்டீர்கள்? ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்" என்றார். பொட்டலத்தைக் காட்டினேன். ஒன்று வாந்திக்கான ஆன்டான்செட்ரான், மற்றொன்று தொண்டைக்கான அசித்ரோமைசின். இரண்டுமே இந்த இடைவெளியை நீட்டக்கூடியவை. ஏற்கெனவே மூன்று மருந்துகள் இழுத்துக்கொண்டிருந்த கயிற்றில் இன்னும் இரண்டு கைகள்.

மூன்று இரவுகள் மானிட்டரின் கீழ்ப் படுத்திருந்தேன். பொட்டாசியம், மக்னீசியம் ஏற்றினார்கள். இதயத்தைத் தொடும் மருந்துகளை நிறுத்திவைத்தார்கள். நோய் முற்றிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், அந்த முறுக்கிய கோடு வந்துவிடுமோ என்ற பயம் மறுபக்கம். பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டிக்கும் இதே மருந்துகள். அவர் ஆய்வில் இல்லை, மாதம் ஒரு ஈ.சி.ஜி. மட்டும். எனக்கு அந்தக் கூடுதல் தாள் இல்லாதிருந்தால் அடுத்த வழக்கமான தேதி பதினெட்டு நாள் கழித்துத்தான் வந்திருக்கும். அந்தப் பதினெட்டு நாளை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். ஏழாம் நாள் 464. மருந்துகளை மீண்டும் தொடங்கினார்கள்.

தாயி ஒரு சிறு அட்டை தந்தார். நான் உட்கொள்ளும் ஐந்து மருந்துகளின் பெயரும், கேட்காமல் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலும் அதில் இருந்தன. நான் தமிழில் எழுதித் தந்த வரியையும் கீழே சேர்த்தார்கள்: 'எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டவும்.' இப்போது அந்த அட்டை என் பணப்பையில் இருக்கிறது. குளோஃபாசிமினால் என் முகம் கறுத்துவிட்டதால், மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

24 வாரத்தில் பெடாகுவிலின் முடிந்தது. மற்ற நான்கும் தொடர்கின்றன. சளியில் கிருமி இல்லை, ஏழு கிலோ கூடியிருக்கிறது. பெடாகுவிலின் உடலை விட்டு வெளியேற மாதக்கணக்காகும் என்பதால் ஈ.சி.ஜி. இன்னும் நிற்கவில்லை. சென்ற மாதம் 441. அடுத்தது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, அத்தையும் வருகிறார்.